மண்ணீரலை எடுத்தும் நிற்காத ரத்தச் சிதைவு: கார்-டி செல் சிகிச்சைக்கு வெளிநாடு போகலாமா?

கேள்வி: நான் டெல்டா பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் மகளுக்கு 31 வயது. திருமணமாகிவிட்டது, குழந்தை இல்லை. ஆறு ஆண்டுகளாக அவளுடைய உடலே அவளுடைய சிவப்பணுக்களை அழித்துவருகிறது. பிறகு தட்டணுக்களும் குறையத் தொடங்கியதால் எவன்ஸ் சிண்ட்ரோம் என்று சொன்னார்கள். பிரெட்னிசோலோன் கொடுத்தால் ஏறுகிறது, குறைத்தால் இறங்கிவிடுகிறது. ரிடக்ஸிமாப் முதல் முறை ஓராண்டுக்கு மேல் தாங்கியது. இரண்டாம் முறை பலனில்லை. மைக்கோஃபினோலேட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஹீமோகுளோபின் 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது. முகவர் ஒருவர், வெளிநாட்டில் கார்-டி செல் சிகிச்சை செய்தால் ஒரே ஊசியில் நிரந்தரமாகக் குணமாகும் என்கிறார், முன்பணம் கேட்கிறார். அவர் சொல்வது உண்மையா? இந்தியாவில் இந்தச் சிகிச்சை கிடைக்குமா? நிலத்தை விற்று அழைத்துப் போகலாமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் அனுப்பியிருந்த அறிக்கைகளையும் முழுவதும் படித்தேன். மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவசரம் அதில்தான் இருக்கிறது. நிலத்தை விற்க வேண்டாம். அந்த முகவருக்கு முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சிகிச்சை பொய் என்பதால் நான் இப்படிச் சொல்லவில்லை. என் துறையில் கடந்த சில ஆண்டுகளில் வந்த செய்திகளில் என்னை மிகவும் நம்பிக்கை கொள்ளச் செய்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் உங்கள் மகளின் நோய்க்கு அது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் சிகிச்சை. ஆய்வு நிலையில் இருப்பதை ஆய்வின் முறைப்படியே பெற வேண்டும், விலைக்கு வாங்கக் கூடாது. அதற்கு முன்பாக உங்கள் மகளிடம் பார்க்க வேண்டிய சில பரிசோதனைகளும், இங்கேயே கொடுத்துப் பார்க்கக்கூடிய சில மருந்துகளும் மிச்சம் இருப்பதாக அறிக்கைகளிலிருந்து எனக்குத் தெரிகிறது.

நோயைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும், இல்லாவிட்டால் சிகிச்சையின் பொருள் விளங்காது. நம் உடலில் பி செல்கள் என்ற வெள்ளணு வகை ஒன்று உண்டு. கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கும் பரம்பரை அவற்றுடையது. பி செல் முதிர்ந்து பிளாஸ்மா செல்லாக மாறி ஆன்டிபாடியைச் சுரக்கிறது. எவன்ஸ் சிண்ட்ரோமில் இந்தப் பரம்பரையில் சில கிளைகள் வழிதவறி, சொந்தச் சிவப்பணுக்கள் மீதும் தட்டணுக்கள் மீதும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைச் செய்துவிடுகின்றன. ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் தின்றுவிடுகின்றன. உங்கள் மகளின் அறிக்கையில் 'நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை: பாசிட்டிவ்' என்று இருப்பது, அவளுடைய சிவப்பணுக்களின் மேல் அந்த ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைக் காட்டுகிறது.

நோய் ரத்தத்தில் மிதக்கும் ஒரு பொருளால்தான் வருகிறது என்பது எப்படித் தெரிந்தது என்பதை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. 1950-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், தட்டணுக் குறைபாட்டு நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்தன. அவருக்கு வலிப்பும் வந்தது. சில நாட்களில் எண்ணிக்கை தானாகவே மீண்டது. ஏற்றிக்கொண்ட ஆன்டிபாடி தீர்ந்தது, நோயும் தீர்ந்தது. உங்கள் மகளுக்கு அது தீராமல் இருப்பதற்குக் காரணம், அதைச் சுரக்கும் செல்கள் அவளுடைய உடலுக்குள்ளேயே குடியிருப்பதுதான். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: அந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை எது சென்று எட்டும்?

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, விழுங்கணுக்களின் வேகத்தைக் குறைக்கிறது. முதலில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அது வேலை செய்யும். ஆனால் நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். மண்ணீரலை எடுப்பது, அணுக்கள் அழியும் முக்கிய இடத்தையே நீக்குவது. ரிடக்ஸிமாப் மட்டுமே இவற்றில் பி செல்லை நேரடியாகத் தாக்கும் மருந்து. பி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி20 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு அது செயல்படுகிறது. இங்கேதான் சிக்கல். ஆன்டிபாடியைக் கொட்டும் முதிர்ந்த பிளாஸ்மா செல்லுக்கு சிடி20 கிடையாது. மேலும் ரத்தத்தில் ஓடும் பி செல்களைத் துடைத்தெடுக்கும் ரிடக்ஸிமாப், நிணநீர்க் கணுக்களின் உட்பகுதியிலும் திசுக்களிலும் பதுங்கியிருப்பவற்றை முழுவதும் எட்டுவதில்லை. பிரான்சில் மத்தியூ மஹேவாஸ் குழுவினர், ரிடக்ஸிமாப் பலிக்காத தட்டணுக் குறைபாட்டு நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட மண்ணீரல்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை எங்களுக்கெல்லாம் கண்ணைத் திறந்தது. அந்த மண்ணீரல்களில் பி செல்கள் ஏறத்தாழ இல்லாமல் போயிருந்தன. ஆனால் நீண்ட காலம் வாழும் பிளாஸ்மா செல்கள் அங்கே குடியேறி, தட்டணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தொடர்ந்து சுரந்துகொண்டிருந்தன. வயல் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்வது எளிது: கோரையை மேலே அறுத்துவிட்டோம், கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு முதல் முறை ரிடக்ஸிமாப் ஓராண்டுக்கு மேல் பலித்தது என்பதை நான் முக்கியமான தடயமாகக் கருதுகிறேன். அப்போது நோய் பெரும்பாலும் பி செல்லைச் சார்ந்து இருந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை பலிக்காததற்கு, நோயின் சுமை பிளாஸ்மா செல்களுக்கு மாறியதும் காரணமாக இருக்கலாம். பி செல்கள் முழுவதும் அகலாததும் காரணமாக இருக்கலாம். இரண்டாவது முறை ஊசி போட்ட பிறகு பி செல்களின் எண்ணிக்கையை யாராவது ஃப்ளோ சைட்டோமெட்ரி மூலம் பார்த்தார்களா என்பது நீங்கள் அனுப்பிய தாள்களில் இல்லை. அதைத் தேடிப் பாருங்கள்.

இனி கார்-டி செல் சிகிச்சைக்கு வருகிறேன். நோயாளியின் கையில் ஊசி செருகி, ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாகச் சுற்றிவிட்டு, அதிலிருந்து வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அவற்றிலிருந்து டி செல்களைத் தேர்ந்தெடுத்து, பெருக்கமடைய முடியாதபடி செயலிழக்கச் செய்த ஒரு வைரஸின் துணையால் புதிய மரபணு ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்த மரபணுவின் ஆணைப்படி டி செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி முளைக்கும். சிடி19 என்ற புரதம் எந்தச் செல்லில் இருந்தாலும் அதைக் கண்டு கொல்ல அந்த ஏற்பி அந்த டி செல்லுக்கு வழிகாட்டும். சிடி19, சிடி20-ஐ விட நெடிய வரிசையில் இருக்கிறது; பி செல்லின் இளம் பருவத்திலிருந்து ஆன்டிபாடி சுரக்கத் தொடங்கும் பிளாஸ்மாபிளாஸ்ட் நிலை வரைக்கும் அது தெரியும். அதோடு, டி செல் உயிருள்ளது. நிணநீர்க் கணுவுக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் அது தானாகவே நடந்து செல்லும், அங்கே பெருகவும் செய்யும். ரிடக்ஸிமாப் எட்டாத மூலைகளை இது எட்டுவதற்கு அதுவே காரணம்.

இந்தச் சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்காக உருவானது. 2017-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. தன்னுடல் தாக்குநோய்க்கு இது பயன்படும் என்ற எண்ணத்தைச் செயலில் காட்டியது ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனை. ஜார்ஜ் ஷெட், ஆண்ட்ரியாஸ் மக்கன்சென் ஆகியோரின் குழு அங்கே 2021-இல், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோயும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு இதைக் கொடுத்தது. அந்தப் பெண் நலமடைந்தார். 2024 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அதே குழு 15 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது: எட்டுப் பேருக்கு லூபஸ், மூவருக்குத் தசை அழற்சி, நால்வருக்குத் தோல் இறுகும் நோயான சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ். லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது. பதினைந்து பேருமே எதிர்ப்பாற்றலை அடக்கும் எல்லா மருந்துகளையும் நிறுத்த முடிந்தது. சராசரியாக நான்கு மாதத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் பி செல்கள் மீண்டும் தோன்றின. ஆனால் அவை வழிதவறாத, புதிதாய்ப் பிறந்த பி செல்கள். நோய் அவற்றுடன் திரும்பவில்லை. பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை அளவு 15 மாதங்கள்.

இந்த 15 மாதங்கள் என்ற எண்ணை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முகவர் உங்களிடம் சொன்ன 'நிரந்தரம்' என்ற சொல்லை இந்தச் சிகிச்சையைச் செய்தவர்களே இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்குரிய காலம் கடக்கவில்லை.

உங்கள் மகளுக்குள்ள ரத்த அணுச் சிதைவு நோய்க்கு இதே சிகிச்சை கொடுக்கப்பட்ட நோயாளிகள் ஜெர்மனியிலும் சீனாவிலும் இருக்கிறார்கள். பல மருந்துகள் தோற்ற பிறகு இதைப் பெற்ற சிலருக்கு ஹீமோகுளோபின் உயர்ந்து, ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது. ஒப்பிடுவதற்கு வேறு சிகிச்சை பெற்ற குழு இல்லை. நன்றாகப் பலித்தவர்களைப் பற்றியே முதலில் கட்டுரை எழுதுவது மருத்துவ உலகின் வழக்கம். இந்த நோய்க்கென்று கார்-டி சிகிச்சையை எந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இன்னும் அங்கீகரிக்கவில்லை. முதற்கட்ட முடிவுகளை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளலாகாது என்பதற்கு நம் நோயிலேயே ஓர் உதாரணம் உண்டு: ஃபாஸ்டமாடினிப் என்ற மாத்திரை, இதே வகைச் சிவப்பணுச் சிதைவில் இரண்டாம் கட்ட ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலித்ததாகத் தெரிந்தது, 2022-இல் முடிந்த மூன்றாம் கட்ட ஆய்வில், மருந்தில்லா மாத்திரையை விட அது தெளிவாக மேலானது என்று நிறுவ முடியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முழுக்க முதிர்ந்து எலும்பு மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் வாழும் பிளாஸ்மா செல்களில் பலவற்றுக்கு சிடி19-ம் இல்லை. எர்லாங்கன் நோயாளிகளுக்குச் சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் ஆன்டிபாடிகள் பெருமளவு குறையாமல் இருந்ததற்குக் காரணமே, அந்தச் செல்கள் தப்பித்ததுதான். அவர்களுக்கு அது நன்மை. ஆனால் ஒருவருடைய நோய் ஆன்டிபாடியைச் சுரப்பதே அத்தகைய செல்லாக இருந்தால்? லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக சிடி19 கார்-டி சிகிச்சை பெற்ற சிலருக்கு, உடலில் பி செல்களே இல்லாத நிலையிலும் சிவப்பணுச் சிதைவு புதிதாகத் தோன்றியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு, பிளாஸ்மா செல்லில் உள்ள பிசிஎம்ஏ என்ற புரதத்தைக் குறிவைக்கும் டெக்லிஸ்டமாப் என்ற மருந்து கொடுத்தபோதுதான் நோய் நின்றது. இதனால்தான் சில ஆய்வுக் குழுக்கள் சிடி19, பிசிஎம்ஏ இரண்டையும் சேர்த்துக் குறிவைக்கும் கார்-டி செல்களைச் சோதித்து வருகின்றன. உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பது முன்கூட்டியே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டியது. 'ஒரே ஊசி' என்ற பேச்சில் அடங்காது.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செல்களை ஏற்றுவதற்கு முன் ஃப்ளுடாரபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற இரண்டு கீமோதெரபி மருந்துகள் கொடுப்பார்கள். புதிய செல்கள் பெருக இடம் உண்டாக்குவதே நோக்கம். அவற்றால் வெள்ளணு, தட்டணு எல்லாமே சில வாரங்களுக்குச் சரியும். ஏற்கெனவே அணுக்கள் குறைந்திருக்கும் உங்கள் மகளுக்கு இந்தச் சரிவு மற்றவர்களை விட ஆபத்தானது. செல்கள் பெருகும்போது கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். சைட்டோகைன் வெளியீட்டு நிலை என்று அதற்குப் பெயர். டோசிலிஸூமாப் என்ற மருந்தால் அதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அந்த மருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தன்னுடல் தாக்குநோய்களில் இந்த எதிர்விளைவு புற்றுநோயாளிகளுக்கு வருவதை விட மென்மையாகவே பெரும்பாலும் வந்திருக்கிறது. எர்லாங்கனின் பதினைந்து பேரில் பத்துப் பேருக்கு மிக லேசான அளவிலும் ஒருவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருந்தது.

மூளை பாதிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. புற்றுநோய்க்காக இச்சிகிச்சை பெறுபவர்களின் படுக்கையருகே ஒரு தாள் இருக்கும். காலையிலும் மாலையிலும் செவிலியர் வந்து, இது எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்பார். பேனா, கைக்கடிகாரம், பொத்தான் இவற்றைக் காட்டிப் பெயர் கேட்பார். நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்வார். கடைசியில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். நேற்று 'எனக்கு இன்று பசி எடுக்கிறது' என்று நேர்கோட்டில் எழுதியவர், இன்று அதே வாக்கியத்தின் எழுத்துகளைச் சரிவாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிறுக்கினால், நோயாளிக்கே எதுவும் தெரியாத நிலையில் நாங்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம். மொழி புரியாத நாட்டில், மொழிபெயர்ப்பாளர் பகலில் மட்டும் வந்துபோகும் மருத்துவமனையில், உங்கள் மகளுக்கு இந்தச் சோதனையைத் தமிழில் இரவு இரண்டு மணிக்கு யார் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிந்தைய விளைவுகளும் உண்டு. ஆன்டிபாடி அளவு குறைந்து தொற்றுகள் வரலாம். சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி மாதந்தோறும் தேவைப்படும். கார்-டி பெற்றவர்களில் மிகச் சிலருக்குப் பின்னர் டி செல் புற்றுநோய் தோன்றியதை ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2024 ஜனவரியில் இம்மருந்துகள் அனைத்தின் மேலும் கடும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. புற்றுநோயில் வேறு வழியின்றி உயிர் போகும் நிலையில் இருப்பவருக்கு அந்தச் சிறு ஆபத்து ஏற்கத்தக்கது. 31 வயதில், வேறு மருந்துகளும் மிச்சம் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதே கணக்குப் பொருந்தாது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு சினைப்பைகளைப் பாதிக்கக்கூடியது என்பதால், குழந்தைப் பேற்றைப் பற்றி உங்கள் மகளும் மருமகனும் மகப்பேறு மருத்துவரிடம் முன்னதாகவே பேச வேண்டும். கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மகள் மனத்தில் அது இருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று. ஃப்ளுடாரபின் பெற்றவருக்குப் பிறகு ரத்தம் ஏற்றினால், அது கதிர்வீச்சு செலுத்திய ரத்தமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏற்றிய ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் அபாயம் உண்டு, அது வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மகளை, ஹீமோகுளோபின் இறங்கியது என்று நீங்கள் பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு நள்ளிரவில் அழைத்துப் போனால், அங்குள்ள ரத்த வங்கியில் கதிர்வீச்சு இயந்திரம் இருக்க வாய்ப்பில்லை, பணியில் இருக்கும் மருத்துவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. முகவரின் பொறுப்பு விமான நிலையத்தோடு முடிந்துவிடும்.

இந்தியாவைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி. நம் நாட்டிலேயே கார்-டி செல்கள் தயாராகின்றன என்பது பெருமைக்குரிய உண்மை. மும்பை ஐஐடியும் டாடா மெமோரியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை முறைப்படி தொடங்கிவைத்தார். அப்போது ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் விலை. அமெரிக்காவில் இதே வகைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனைக்குள்ளேயே கார்-டி செல்களைத் தயாரித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் நெக்ஸ்கார்19-க்குக் கிடைத்த அங்கீகாரம், பி செல் லுகேமியா, லிம்போமா ஆகிய புற்றுநோய்களுக்கு உரியது. உங்கள் மகளின் நோய்க்கு, ஒரு மருத்துவர் அதை வாங்கிச் செலுத்திவிடலாம் என்ற நிலை இல்லை. பதிவுசெய்த மருத்துவ ஆய்வின் வழியாகத்தான் அது வர வேண்டும்.

அந்த ஆய்வுகளைக் கண்டறிவது எப்படி? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் என்று ஒன்று இருக்கிறது. சிடிஆர்ஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம் நாட்டில் நடக்கும் எந்த மருந்து ஆய்வும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவாகியிருக்க வேண்டும். யாரும் இலவசமாகத் தேடலாம். உங்கள் பேரன் வயதுப் பிள்ளைகள் யாராவது பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆய்வில் சேரும் நோயாளியிடம் சோதனை மருந்துக்கு விலை வாங்குவது முறையன்று. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் ஆய்வை நடத்துபவர்கள் ஏற்க வேண்டும். ஆகவே யாராவது 'ஆய்வு' என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுக் குழுவானாலும் ஆய்வுப் பதிவு எண், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், இதுவரை இதே நோயில் எத்தனை பேருக்குச் செய்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, திரும்பி வந்த பின் யார் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். உங்கள் முகவரிடம் இவற்றைக் கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும் என்றே நினைக்கிறேன். இதே மூச்சில் ஸ்டெம் செல் ஊசியையும் அவர் பரிந்துரைக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: ஏற்கப்பட்ட நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்பது நெறிக்குப் புறம்பானது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

இனி உங்கள் மகளுக்கு உடனடியாகச் செய்ய வேண்டியவை. முதலில் நோயறிதலை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். எவன்ஸ் சிண்ட்ரோம் பல சமயம் தனி நோயன்று. பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கும். லூபஸுக்கான பரிசோதனை, மறைந்திருக்கும் லிம்போமா இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன், ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் அளவுகள் ஆகியவை அறிக்கைகளில் இல்லை. இளம் வயதில் தொடங்கிய எவன்ஸ் நோயில், பிறவியிலேயே எதிர்ப்பாற்றலின் கடிவாளம் பழுதாகியிருக்கும் மரபணு மாற்றங்களையும் தேட வேண்டும். குறிப்பாக சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ, ஃபாஸ் ஆகிய மரபணுக்கள். இவற்றில் ஒன்று கிடைத்தால் வழியே மாறிவிடும். சிடிஎல்ஏ4 குறைபாட்டுக்கு அபடாசெப்ட் என்ற மருந்து நேரடியாக அந்தக் குறையை ஈடுசெய்யும். ஃபாஸ் மரபணுக் குறைபாட்டில் சிரோலிமஸ் மாத்திரை மிக நன்றாக வேலை செய்யும். இரண்டுமே நம் ஊரில் கிடைப்பவை. பல லட்சங்களைச் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதை விட, முன்னதாகவே தேடிவிடுவது நல்லது.

இரண்டாவது, ரத்தத் தடவலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து ஓர் அனுபவமுள்ளவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மண்ணீரல் இல்லாதவரின் சிவப்பணுக்களுக்குள் ஹாவெல்-ஜாலி துகள் என்ற சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தே ஆக வேண்டும். அவை இல்லையென்றால், அறுவையின்போது விட்டுப்போன துணை மண்ணீரல் ஒன்று வளர்ந்து மறுபடியும் அணுக்களை அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருளாகலாம். இந்த எளிய சோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

மூன்றாவது, மருந்து. பிளாஸ்மா செல்களைத் தாக்கும் போர்டிசோமிப் பல ஆண்டுகளாக மைலோமா என்ற புற்றுநோய்க்குப் பயன்படுவது. இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலையும் எட்டக்கூடியது. ரிடக்ஸிமாப் தோற்ற சிவப்பணுச் சிதைவில் அது பலித்த அறிக்கைகள் பல உள்ளன. நரம்புகளில் மரத்துப்போகும் தன்மை வரலாம் என்பதைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். டாரடுமுமாப் அதே குறிக்கோளுடைய, விலை கூடிய மருந்து. சிரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் இன்னும் முயலப்படவில்லை. என் கையில் இருந்தால், மேலே சொன்ன பரிசோதனைகளின் முடிவைப் பார்த்துவிட்டு, சிரோலிமஸ் அல்லது போர்டிசோமிப்பைத்தான் அடுத்ததாக எடுப்பேன். பி செல்களின் வளர்ச்சிக்குத் தேவையான ஏற்பியைத் தடுக்கும் ஐயனலுமாப் போன்ற புதிய மருந்துகளும் இதே நோயில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு வருகின்றன. இவையெல்லாம் தோற்ற பிறகும் உங்கள் மகள் இதே நிலையில் இருந்தால், பதிவுசெய்த கார்-டி ஆய்வுக்கு அவளைப் பரிந்துரைக்க நானே கடிதம் எழுதுவேன். அந்த நாள் வந்தால் தயங்காமல் சேருங்கள் என்றும் சொல்வேன்.

அதுவரை மகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் சாப்பிட வேண்டும். வேகமாகச் சிவப்பணு செய்யும் மஜ்ஜைக்கு அது தீர்ந்துபோகும். ஹீமோகுளோபின் இன்னும் இறங்கி, மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் ரத்தம் ஏற்றத் தயங்கக் கூடாது. இந்த நோயில் எந்த ரத்தமும் பொருத்தச் சோதனையில் முழுமையாகப் பொருந்தாது; அதைக் காட்டி 'ரத்தமே கிடையாது' என்று திருப்பி அனுப்புவது சரியன்று. மற்ற ஆன்டிபாடிகள் இல்லை என்று ரத்த வங்கி உறுதிசெய்துவிட்டால், பொருத்தக் குறைவு மிகக் குறைந்த பையை மெதுவாக ஏற்றலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இந்த நோயிலும் மண்ணீரல் எடுத்தவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு கூடுதல்.

மண்ணீரல் எடுத்தவருக்கு நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். உங்கள் தாள்களில் நிமோகாக்கல் ஊசி ஒன்று மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. மீதியையும் எப்போது போடலாம் என்று இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள். பிளாஸ்மா செல்களை அடக்கும் மருந்துகள் தொடங்கிய பிறகு தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. கூடவே ஹெபடைடிஸ் பி வைரஸின் கோர் ஆன்டிபாடி பரிசோதனையும் காசநோய்க்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள். ரிடக்ஸிமாப் பெற்றவருக்கு உறங்கிக்கிடக்கும் ஹெபடைடிஸ் பி எழுந்துகொள்ளக்கூடும், அடுத்து எந்தச் சிகிச்சை என்றாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மண்ணீரல் இல்லை, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாள் என்ற இரண்டு செய்திகளையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அவளுடைய கைப்பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரத்தநோய் மருத்துவ ஆலோசகர்